காலி செய்யாத டம்ளர்

இன்று அலுவலகத்துக்கு வந்த தேநீரில் யாரோ ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கான துளையிட்ட அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. உன் மலையூரான சித்திரபுரத்தில் நீங்கள் இருந்த மின்வாரியக் குடியிருப்பின் சமையலறை மேசையும், அதில் நாம் வரிசையாக வைத்த டம்ளர்களும் கண்முன் வந்தன.

நாம் இருவரும் ஒன்றாகப் படித்த கல்லூரியில் கம்ப்யூட்டர் இல்லை. எழுதிய புரோகிராமைக் கோயம்புத்தூரில் வேறொரு கல்லூரிக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, விடைக்குக் காத்திருப்போம். அதனால்தான் விடுமுறையில் நீ அந்த வழியைக் கண்டுபிடித்தாய். ஒருத்தி கட்டளைகளை வரிவரியாக வாசிப்பாள். மற்றவள் கம்ப்யூட்டராகி, அதன்படி ஏலக்காய்களை டம்ளருக்கு டம்ளர் மாற்றுவாள். ஒவ்வொரு டம்ளரும் ஓர் எண் இருக்கும் இடம்.

"ஏலக்காய வச்சுப் பல்லாங்குழியா ஆடுறீக? பாயாசத்துக்கு மிச்சம் வையுங்கடி," என்பார் உன் அம்மா.

மதிப்பெண்களைக் கூட்டும் என் புரோகிராம் உன் மேசையில் ஒவ்வொரு முறையும் சரியாக வந்தது. கல்லூரி திறந்து அனுப்பியபோது விடை தாறுமாறாக வந்தது. இன்னும் ஒரு வாய்ப்புதான் மீதி. அதிலும் தவறினால் படிப்பு போதும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

விடுதி அறையில், நீ ஊரிலிருந்து கொண்டுவந்த ஏலக்காயைப் பாயில் கொட்டினோம். ஒரு முறை ஆடி முடித்து, மறுபடியும் நான் முதல் வரியை வாசித்தேன். கூட்டுத்தொகைக்கான டம்ளரில் முந்தைய ஆட்டத்தின் காய்கள் கிடந்தன. அதைக் கவிழ்க்கப் போன உன் கை பாதியில் நின்றது.

"இதக் காலி பண்ணச் சொன்னியாடி?"

"சொல்லல. அதான் ஒனக்கே தெரியுமே."

"எனக்குத் தெரியும். மிஷினுக்குத் தெரியுமாக்கும்? ஒம்மனசு தெரிஞ்சு தெரிஞ்சே ஒன்னய பெயிலாக்கியிருப்பேன், போ!"

சிரித்துச் சிரித்து உனக்குக் கண்ணில் நீர் வந்தது. அன்றிலிருந்து நீ கறாராகிவிட்டாய். நான் ஒரு வரியை விட்டால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "நா இப்ப மிஷினு. சொன்னாத்தான் செய்வேன்," என்பாய். உதட்டோரச் சிரிப்பை மட்டும் உன்னால் மறைக்க முடிந்ததில்லை. அடுத்த முறை விடை சரியாக வந்தது. இந்த வேலையும் அதனால்தான் வந்தது.

போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போதும் எந்தப் புரோகிராமை எழுதும் முன்பும் மேசையில் ஒரு காலி டம்ளரை வைக்கிறேன். காலி செய் என்பதைத்தான் முதலில் எழுதுகிறேன். இங்கே இருக்கும் மிஷின் சொன்னதை மட்டுமே செய்கிறது. அதற்குத்தான் என்னை நீ பழக்கினாய்.

இங்குள்ள மனிதர்களிடமும் எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. சொல்ல முடியாமல் பாதியில் நிற்கும்போதெல்லாம், நான் சொல்லாமலே டம்ளரைக் கவிழ்க்க நீண்ட உன் கையைத் தேடுகிறேன்.