மெக் நின்ற இடம்

அக்டோபர் 18, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. என் வீட்டுக்காரர் ஹெட்லி கஞ்சியில் பாதியை வைத்துவிட்டார். வாயின் இடப்பக்கம் ஒழுகியதைத் துடைக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. நான் துடைத்துவிடுவது அவருக்கு இன்னும் பழகவில்லை. எனக்கும்தான்.

நாய்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றோரம் போய்வந்தேன். நெட்டில் ஒவ்வொரு பொந்திலும் மூக்கை விட்டுப் பார்த்தாள். என் முழங்காலுக்குக்கூட எட்டாத டெரியர் நாய். ஆனால் மண்ணுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். மெக் என் பின்னாலேயே நடந்தாள். லர்ச்சர் வகை வேட்டைநாய்க்குப் பதினொரு வயது என்றால் கிழவிதான். ஒரு காலத்தில் பொந்தைவிட்டு வெளியே பாயும் முயலை நான்கு எட்டில் பிடித்தவள்.

சாயங்காலம் தேநீரோடு ஹெட்லியின் வழக்கமான கேள்வி வந்தது. "எப்படி வேல செஞ்சாளுங்க?" நாக்கு இழுத்துக்கொள்ளும், ஆனாலும் முழுதாகக் கேட்டு முடிப்பார். சில நாள் அவர் பேசுவதே இவ்வளவுதான். நான் ஒன்றுவிடாமல் சொல்வேன். கேட்டுக்கொண்டே வலக்கையை நாற்காலிக்குக் கீழே தொங்கவிடுவார். மெக் எழுந்து வந்து கழுத்தை அந்தக் கைக்குள் கொடுப்பாள்.

முப்பது வருடமாக இந்தப் பள்ளத்தாக்கில் எலி, முயல் தொல்லை என்றால் ஹெட்லியைத்தான் கூப்பிட்டார்கள். இப்போது கூப்பிட்டால் நான் போகிறேன். எனக்கு என்ன தெரியும்? பக்கத்தில் நின்று பார்த்ததுதான். ஆனால் போகாமல் இருந்தால் அந்தக் கேள்வியும் நின்றுவிடும். அப்புறம் இந்த வீட்டில் பேச்சே இருக்காது.

அக்டோபர் 22, சனி

ஜாப்லிங் வந்திருந்தான். ஹெட்லியிடம் தொழில் கற்றவன். இன்றைக்கு எங்கள் பக்கத்தில் அவனைப் போல டெரியர் வைத்திருப்பவர் கிடையாது. முற்றத்துச் சாக்கடை மூடியருகே மெக் நின்றுகொண்டிருந்தாள், ஒரு முன்னங்காலைத் தூக்கி, தலையைச் சாய்த்து. கீழே ஏதோ இருக்கிறது என்று அவள் சொல்லும் விதம் அது.

"அக்கா, போன மாசம் மூணு எடத்துல இப்படித்தான் நின்னா. தோண்டிப் பாத்தா ஒரு மண்ணும் இல்ல. காது போச்சு, மூக்கும் போச்சு. சோத்தப் போட்டு வீட்டுல வெச்சுக்க. எதுக்கு மழையில இழுத்தடிக்கற?"

ஹெட்லிக்குக் கேட்டிருக்கும். ஜாப்லிங் தன்னுடைய புதுப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். நாயின் கழுத்துப்பட்டையில் சிக்னல் அனுப்பும் ஒரு சின்னக் குப்பி இருக்கும். நாய் மண்ணுக்குள் போனால் மேலே இந்தப் பெட்டி டிக் டிக் என்று சத்தம் போட்டு, எங்கே, எத்தனை அடி ஆழம் என்று காட்டிவிடும். "பெட்டி பொய் சொல்லாது" என்றான்.

அக்டோபர் 25, செவ்வாய்

இன்று மூன்று வார்த்தை கூடுதலாகப் பேசினார். மூன்றும் நாய்களைப் பற்றி.

நவம்பர் 2, புதன்

நெவில் போன் செய்தார். ஆட்டுப் பண்ணைக்காரர். மேல்வயல் மண்கரை முழுவதும் முயல் குடைந்து, கல்சுவர் சரிகிறதாம். "நாளைக்கே வா வின்னி. விட்டா சுவரு என் தலமேல வந்து விழும்."

ஹெட்லியிடம் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்துப்பட்டையைக் கொண்டுவரச் சொன்னார். வலக்கை விரல் இரண்டை அதற்குள் விட்டுக் காட்டினார். "ரெண்டு வெரலு போவணும். மூணு போவக் கூடாது. கேட்டுச்சா புள்ள?" கேட்டது என்றேன். நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

பட்டையைப் போட்டுப் பார்த்தபோது நெட்டிலின் கழுத்தில் சின்னப் புண் ஒன்று தெரிந்தது. முள் கிழித்திருக்க வேண்டும். மருந்து தடவினேன்.

நவம்பர் 3, வியாழன்

நெட்டில் உள்ளே இருக்கிறாள்.

காலை பத்து மணிக்குப் போனாள். குரைத்தாள், நன்றாகக் கேட்டது. அப்புறம் தூரமாகப் போய் நின்றுபோயிற்று. பெட்டி கரையின் நடுவில் ஒரே இடத்தில் டிக் டிக் என்கிறது, ஒன்பதடி ஆழம். நகரவே இல்லை. பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்றான் ஜாப்லிங்.

நாய் மண்ணுக்கு அடியில் மாட்டினால் இங்கே யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. காதில் விழுந்தவன் மண்வெட்டியோடு வருவான். சண்டைக்காரனாக இருந்தாலும் வருவான். மத்தியானத்துக்குள் எட்டுப் பேர். நெவிலின் மனைவி பேக்கன் வைத்த ரொட்டியும் தேநீரும் கொடுத்தனுப்பினாள். இருட்டும்வரை தோண்டினார்கள். நாலடிதான் இறங்கியது, மீதி எல்லாம் கல்.

"பெட்டி என்ன சொல்லுது?" என்று கேட்டார் ஹெட்லி. சொன்னேன். தலையாட்டினார். சாப்பிடவில்லை.

பட்டையை ஒரு துளை தளர்த்திப் போட்டதை அவரிடம் சொல்லவில்லை. புண்ணில் உரசுமே என்றுதான் செய்தேன். அதனால் என்ன ஆகிவிடும்? ஒரு துளைதானே.

நவம்பர் 4, வெள்ளி

நெவிலின் டிராக்டரைக் கொண்டுவந்து மண்ணை வாரினார்கள். ஏழடி. பெட்டி அதே இடத்தில் அடிக்கிறது.

மெக் ஒரு தொந்தரவு. தோண்டும் இடத்தைவிட்டு நாற்பது கஜம் தள்ளி, சுவரடியில் போய் நின்றுகொள்கிறாள். கூப்பிட்டால் வருவதில்லை. டிராக்டர் திரும்புவதே அந்த வழியாகத்தான். ஜாப்லிங் கத்தினான். "அக்கா, அந்தக் கெழவியப் பிடிச்சுக் கட்டு! சக்கரத்துல மாட்டிச் சாகப் போறா!"

வைக்கோல் கட்டும் கயிற்றால் வயல் கதவில் கட்டினேன். நாளெல்லாம் கயிற்றை இழுத்துக்கொண்டே நின்றாள். குரைத்தாள். மெக் குரைத்து நான் கேட்டதே இல்லை. சும்மா கிட என்று அதட்டினேன்.

மறுபடி மழை.

நவம்பர் 5, சனி

மூன்று மணிக்குப் பட்டை கிடைத்தது. பட்டை மட்டும்.

கொக்கி பூட்டியபடியே இருந்தது. தலையை உருவிக்கொண்டு போயிருக்கிறாள். ஜாப்லிங் சேற்றைத் துடைத்து, கொக்கி எந்தத் துளையில் இருக்கிறது என்று பார்த்தான். என்னைப் பார்த்தான். என் கையில் கொடுத்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெட்டி பொய் சொல்லவில்லை. பட்டை இருந்த இடத்தைத்தான் மூன்று நாளாகக் காட்டிக்கொண்டிருந்தது.

இனி எங்கே என்று தோண்டுவது? கரை நூறு கஜம். ஆண்கள் ஒவ்வொருவராகத் துக்கத்துக்குத் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு போனார்கள். "மன்னிச்சுக்க வின்னி" என்றார் நெவில், ஏதோ அவர் செய்தது போல.

வீட்டுக்கு வந்து பட்டையை ஹெட்லியின் கையில் கொடுத்துச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மெக் எங்க நின்னா?"

கடவுளே. எங்கே நின்றாள். மூன்று நாளாக யாருமே கேட்காத கேள்வி. எட்டு ஆம்பளைங்க, நான், ஒரு டிராக்டர். ஒருத்தருக்கும் தோணலையே!

"வண்டிக்குள்ள இருந்தா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் வந்துவிட்டது.

உடனே போகலாம் என்று மெக்கைக் கூப்பிட்டேன். ஊரில் வாணம் விட ஆரம்பித்துவிட்டார்கள், இன்று நவம்பர் ஐந்து, ஊரெல்லாம் வெடி கொளுத்தும் நாள் அல்லவா. மேசைக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். இழுத்தாலும் வரவில்லை. அவள் இல்லாவிட்டால் என்ன? அவள் நின்ற இடம்தான் எனக்குத் தெரியுமே. ஆனால் இவரைத் தனியாக விட்டு, மழையில், இருட்டில்... விடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

நவம்பர் 6, ஞாயிறு

வெளிச்சம் வந்ததும் நானும் மெக்கும் போனோம். கயிறு போடவில்லை. வண்டிக் கதவைத் திறந்ததும் மெக் நேராகச் சுவரடிக்குப் போனாள். அதே இடம். முன்னங்கால் தூக்கி, தலை சாய்த்து.

புல்லுக்கு அடியில் ஒரு பலகைக்கல். பழைய ஈயச் சுரங்கக்காரர்கள் கட்டிய வடிகால். முயல் வளை அதில் போய் முட்டியிருக்கிறது. கல்லை நான் ஒருத்தியே கடப்பாரையால் நெம்பிவிட்டேன். இரண்டடிகூட இல்லை ஆழம்.

வடிகாலில் மழைத்தண்ணீர் ஏறியிருந்தது. நெட்டில் மூக்கை மட்டும் கல்லிடுக்கில் மேலே வைத்துக் கிடந்தாள். உயிர் இல்லை. உடம்பு இன்னும் விறைக்கவில்லை. விறைக்கவே இல்லை, ராத்திரிவரை உயிரோடு இருந்திருக்கிறாள். இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் எங்கேயாவது எழுதித்தானே ஆக வேண்டும்.

மெக் ஒரு தடவை முகர்ந்தாள். திரும்பி நடந்து வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

என் மேலங்கியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஹெட்லி மடியில் வைக்கச் சொன்னார். வலக்கையால் காதிலிருந்த சேற்றை எடுத்தார். விரல் கழுத்துக்கு வந்ததும் புண் தட்டுப்பட்டது.

"இதுக்காகவா தளத்தின?"

"ஆமா."

"நானா இருந்தாலும் தளத்தியிருப்பேன்."

அவர் தளர்த்தியிருக்கமாட்டார். எனக்குத் தெரியும். அப்படிச் சொன்னாரே, அதுதான் தாங்கவில்லை.

நவம்பர் 7, திங்கள்

ஆப்பிள் மரத்தடியில் ஜாப்லிங் குழி வெட்டிக்கொடுத்தான். மூன்றடி போதும் என்றேன். நாலடி வெட்டினான்.

நவம்பர் 19, சனி

கேள்வி நின்றுவிட்டது. பதின்மூன்று நாளாக. தேநீரை வைக்கிறேன், குடிக்கிறார், ஜன்னலைப் பார்க்கிறார். கை மட்டும் கீழே தொங்குகிறது. மெக் வந்து கழுத்தைக் கொடுக்கிறாள். அவர் விரல்கள் ஒரே இடத்தில் போய்வருகின்றன.

நெட்டிலின் அக்கா போட்ட குட்டி ஒன்று இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்றான் ஜாப்லிங். ஹெட்லி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிசம்பர் 3, சனி

பனி. யாரும் வரவில்லை.

டிசம்பர் 21, புதன்

சொல்லிவிட்டேன்.

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "மெக் வண்டியில இல்லீங்க. அந்தச் சுவரடியிலதான் நின்னா. நான்தான் கட்டிப் போட்டேன். கொரைச்சா. அதட்டினேன்."

ஹெட்லி என்னைப் பார்த்தார். "தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மெக்கின் கழுத்தை விரலால் பிரித்துக் காட்டினார். முடி இல்லாமல் கோடு போல ஒரு தடம். கயிறு அறுத்தது. நான் பார்த்ததே இல்லை. நாலாம் தேதி சாயங்காலமே அவர் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. என்ன தடம் என்று அன்றைக்குத் தோன்றவில்லையாம். நான் வண்டிக்குள் என்று சொன்னபோதுதான் விளங்கியதாம்.

"அப்பவே ஏன் கேக்கல?"

நெடுநேரம் வாயைக் கூட்டிச் சேர்த்தார். "நீயாச் சொல்லுவேன்னு... இருந்தேன்."

மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிழங்குத் தோல் மடியெல்லாம். மறுபடி பேசினார். "மெக் உம்மேல கோவப்படல, புள்ள. நான்தான் பட்டேன்."

இப்போதும் கோபமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஜனவரி 9, திங்கள்

மெக்கின் பின்னங்கால் இரண்டும் காலையில் எழும்ப மறுக்கின்றன. கையால் தேய்த்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் எழுகிறாள். இவரையும் தூக்கி உட்கார வைத்து, அவளையும் தூக்கி நிறுத்தி... என் முதுகை யார் தேய்த்துவிடுவது?

பிப்ரவரி 11, சனி

மெக்கோடு மேல்வயல் பக்கம் நடந்தேன். வேலைக்கு இல்லை, சும்மா. நாங்கள் தோண்டிய பள்ளத்தை நெவில் மூடிவிட்டார். மண் மட்டும் இன்னும் நிறம் மாறித் தெரிகிறது.

கரையின் மறுபக்கம் ஒரு பழைய பொந்தருகே மெக் நின்றுவிட்டாள். முன்னங்கால் தூக்கி, தலை சாய்த்து. அந்தக் கால் நடுங்கியது. நான் குனிந்து பார்த்தேன். வாசலில் சிலந்திவலை கிழியாமல் இருந்தது. பல மாதமாக அதற்குள் எதுவும் போகவில்லை, வரவில்லை. பனிமழை பிடித்துக்கொண்டது. வா என்று கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து தேநீர் வைத்தேன். கறியும் கிழங்கும் தட்டில் போட்டுக்கொடுத்தேன். ஹெட்லி என் நனைந்த தலையைப் பார்த்தார், மெக்கைப் பார்த்தார்.

"எப்படி வேல செஞ்சா?"

தேநீர்க் கெட்டிலைக் கீழே வைக்க எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.

"காலிப் பொந்துல நின்னா. உள்ள ஒண்ணும் இல்ல."

"எவ்வளவு நேரம்?"

"முக்கா மணி இருக்கும்."

"நீ என்ன பண்ணின?"

"அவ நகர்ற வரைக்கும் நானும் நின்னேன்."

தலையாட்டினார். வலக்கையால் தட்டை மெதுவாக என் பக்கம் தள்ளி, மெக்கைக் காட்டினார். கறியில் பாதி மிச்சம் இருந்தது. மெக்குக்குப் போட்டேன்.