ஸ்பீக்கரில் கேட்ட மூக்குக்கண்ணாடி

என் அன்புக்குரியவருக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அத்தை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா? நான் சௌக்கியம், என் போன்தான் சரியில்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

இனி பாடத்தைப் போனிலிருந்து வகுப்பு ஸ்பீக்கரில் போட வேண்டுமாம். பயிற்சி என்று உயிரை வாங்குகிறார்கள். நேற்று பாடம் முடிந்ததும் புளூடூத்தை அணைக்காமலே பக்கத்திலிருக்கும் ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டேன். உங்கள் குரல் செய்தி வந்தது. அழுத்தினால் சத்தமே இல்லை. சனியனே என்று திட்டிக்கொண்டு, சத்தத்தை முழுக்க ஏற்றி மறுபடி மறுபடி அழுத்தினேன்.

எனக்கு அடுத்து அந்த வகுப்புக்குப் போயிருந்த கணக்கு டீச்சர் ஓடி வந்தார். “டீச்சர், உங்க வீட்டுக்காரர் என் கிளாஸ்ல கத்திட்டிருக்காரு! மூக்குக்கண்ணாடிய எங்க வெச்சேன்னு கேக்கறாரு!”

கடல் தாண்டி இருப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? இன்று வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் ஒரே குரலில், “மிஸ், சாருக்குக் கண்ணாடி கெடைச்சிடுச்சா?” மானமே போயிற்று.

குளியலறை ஜன்னலில் பாருங்கள். அலமாரியில் என் பழைய பட்டன் போன் இருக்கும், இங்கே வருபவர் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். இனி எது தொலைந்தாலும் பள்ளி விட்ட பிறகு கேளுங்கள். அதற்காக, எல்லாவற்றையும் நீங்களே தேடி எடுத்துக்கொள்ளப் பழகிவிடாதீர்கள்.

உங்கள்
டீச்சரம்மா