சுரைக்காயைத் தொடாதே

இந்தாம்மா, சட்டியில் மிச்சமிருக்கும் சுரைக்காயைத் தொடாதே, அது விஷம். எனக்கு வாந்தி நிற்கவில்லை, இந்தச் சீட்டைச் சட்டி மேல் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன். நீ ஒரு வாய் தின்றிருந்தாலும் நேராக அங்கே வந்துவிடு.

“கடையில புது விதை வாங்குங்க”ன்னு அன்றைக்கே தலைபாடாய் அடித்துக்கொண்டாய். நான்தான் கசப்பு விஷமான காட்டுச் சுரையோடு பின்னிக் கிடந்த போன கோடைக் கொடியின் விதையை ஊன்றினேன். முதல் காயைக் காட்டி நான் ஜம்பமடித்ததில்தான் மூன்று நாளாகப் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சில்லை.

காலையில் முதல் வாயிலேயே கசந்தது. இத்தனை நாள் கழித்துப் பேசும் பேச்சு சமையலைக் குறை சொல்வதாகவா இருக்க வேண்டும் என்று பேசாமல் விழுங்கினேன். நீ எதிரே நின்று அதையேதான் உன் மதியச் சாப்பாட்டு டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாய்.

ஐந்து தடவை கூப்பிட்டுவிட்டேன், நீ போனை எடுக்கவில்லை. என் மேல் உள்ள கோபத்தில்தான் எடுக்கவில்லை என்று இருக்கட்டும், தாயே.