ரெஜிபோம் மூடியில் ஐந்து வட்டங்கள்

ஜனவரி 6, திங்கள்
போட்கள் கரை திரும்புவதைப் பதிய, கண்டக்குழி மீனவர் சங்கத்துக்கு நாங்கள் செய்து கொடுத்த செயலி நேற்று மானத்தை வாங்கிவிட்டது. ஹில்மி நானாவின் போட் கரை திரும்பவில்லை என்று அவர் மனைவி ரிஃப்காவின் போனுக்குச் செய்தி போயிருக்கிறது. அவள் செருப்புக்கூடப் போடாமல் கரைக்கு ஓடியிருக்கிறாள். மனிசன் காற்றுக்குப் பயந்து, சிக்னல் எட்டாத உச்சமுனைத் தீவில் பத்திரமாகத் தங்கியிருந்தார். இருபதாம் திகதிக்குள் சரிசெய்யாவிட்டால் எல்லாரும் போனிலிருந்து அழித்துவிடுவோம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். இரண்டு வருட உழைப்பு. அல்லாஹ்வே.

ஜனவரி 8
மடிக்கணினியில் செயலியின் முழு வரைபடமும் போட்டேன். முப்பத்தேழு பெட்டிகள், நான்கு நிறங்கள். சங்கத்தில் காட்டினேன், நல்ல வடிவு என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்கள். பெட்டிகளை நேராக அடுக்கவே அரை நாள் போனதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஜனவரி 9
என்னோடு வேலை செய்யும் நிஃப்லா இன்று மீன் நிறுக்கும் கொட்டிலில் கிடந்த ஐஸ் பெட்டியின் ரெஜிபோம் மூடி ஒன்றை, அந்த வெள்ளை நுரைப் பலகையை, எடுத்தாள். மார்க்கரால் ஐந்து வட்டம், நடுவே அம்புகள். கடலில், கரையில், தங்கல்... அவ்வளவுதான். இது என்ன பிள்ளை விளையாட்டு என்று சிரித்தேன்.

"பிழைச்சா மற்றப் பக்கம் திருப்பிக்கலாம் ராத்தா. அழகா இருந்தா ஆரும் கை வைக்க மாட்டாங்க."

சுருக்கென்றது.

ஜனவரி 10, வெள்ளி
ஜும்ஆ முடிந்து வந்தவர்கள் மூடியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஹில்மி நானா கேட்காமலே நிஃப்லாவின் கையிலிருந்த மார்க்கரை வாங்கிக்கொண்டார்.

"நான் தங்கினா, கரைக்கு வாரவன்கிட்ட சொல்லி அனுப்புவன். அந்த அம்பு எங்க?"

இங்கே முதலில் கரை தொடும் போட்தான் மற்றவர்களின் சேதியையும் கொண்டுவரும். எல்லாருக்கும் தெரிந்த விசயம், அதனால்தான் ஒருத்தரும் எங்களிடம் சொல்லவில்லை. ரிஃப்கா ஓடிய அன்றைக்கும் ஹில்மி நானா சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். கொண்டுவந்தவருக்கு அதைப் பதிய வழியில்லை - அவரவர் வருகையை அவரவரே பதியும்படி செய்தது நான்தானே! நிஃப்லாவை நினைத்தால் பொறாமையாக... இல்லை, பொறாமை இல்லை. பெரிய கெட்டிக்காரி அவள். முப்பத்தேழு பெட்டிக்கு வராத அம்பு ஒரு மூடிக்கு வந்தது.

ஜனவரி 13, திங்கள்
மூடியைக் காணவில்லை. விடியவே அதாலேயே ஐஸ் பெட்டியை மூடி லொறியில் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்களாம். எங்கள் வடிவமைப்பு முழுவதும் பாரை மீனுக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. யாரைக் குறை சொல்வது, மீன் கொட்டிலில் மூடி என்றால் மூடிதான். வெள்ளிக்கிழமை நிஃப்லாவின் போனில் சார்ஜ் இருக்கவில்லை, படமும் எடுக்கவில்லை. அழப் பார்த்தாள்.

நான் எடுத்திருந்தேன். இரண்டு நாளும், அவள் கை கழுவப் போன நேரம் பார்த்து, களவாக. திகதி போட்டு, நிரல் இருக்கும் கோப்புறையிலேயே வைத்திருந்தேன். திறந்து காட்டினேன்.

"சிரிச்சீங்களே ராத்தா?"

ஓம், சிரித்தேன்தான்.

ஜனவரி 19
புதிய பதிப்பு எல்லார் போனுக்கும் போய்விட்டது. யார் சேதியையும் யாரும் பதியலாம். கொட்டிலில் ஒரு புது மூடியை ஆணியடித்து மாட்டினோம். இனி லொறி ஏறாது.

ஜனவரி 24, வெள்ளி
காலையிலிருந்து பேய்க்காற்று. ஹில்மி நானா மறுபடியும் உச்சமுனையில் தங்கிவிட்டார். முதலில் கரை தொட்ட ஹயாத்து முகம்மது, மீனை இறக்க முன்னமே போனை எடுத்து அவர் பெயரில் 'தங்கல்' என்று பதிந்தார்; ரிஃப்காவின் போனுக்குச் சேதி போனது. நானும் நிஃப்லாவும் அவள் வீட்டு வழியையே பார்த்தபடி, பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை கரையிலேயே நின்றோம்.

ரிஃப்கா வரவேயில்லை.