கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு

வேலங்கரை
19.11.2023

அன்புள்ள செல்வக்குமார் அண்ணனுக்கு,

தங்கச்சி மலையம்மாள் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுத ஆசைதான். மூன்று நாளாக முழங்கால் தண்ணீரில் நிற்கிறவள் எப்படி எழுதுவேன்? போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். செயலாளர் வேலையில் மாறுதல் கேட்டு வாங்கி வாடிப்பட்டிப் பக்கம் போனதும் இந்த ஊராட்சித் தலைவி கசந்துவிட்டாளா? அதனால்தான் மகள் நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அடித்த மழையில் உங்கள் சம்பந்தி போட்ட பிளாட்டுத் தண்ணீர் முழுக்க எங்கள் காலனிக்குள் வந்துவிட்டது. கிராவல் மண் கொட்டி மேடாக்கினால் தண்ணீர் வேறு எங்கே போகும்? சின்னத்தாய் மதினி வீட்டில் அரிசி மூட்டை ஊறி, அடுப்பும் கரைந்தது.

சரி, கட்டணத்தை வாங்கி உடனே வடிகால் வெட்டலாம் என்று அவரிடம் ஆள் அனுப்பினேன். புதிதாக மனை பிரிப்பவர்கள் மனைக்கு ஐயாயிரம் ஊராட்சிக்குக் கட்ட வேண்டும், அதில் வடிகாலும் தண்ணீர்த் தொட்டியும் கட்ட வேண்டும் என்று ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் தீர்மானம் போட்டோமே. அவர் சிரித்துக்கொண்டே அந்தத் தீர்மானத்தின் நகலையே நீட்டினாராம். அதில் கடைசியாக ஒரு வரி: "இத்தேதிக்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கு இது பொருந்தாது." அவர் விண்ணப்பித்தது ஆகஸ்ட் பத்து.

அப்படி ஒரு வரி பேசிய ஞாபகம் எனக்கு இல்லை. தீர்மானப் புத்தகம் எழுதியது நீங்கள். இது எப்படி வந்தது அண்ணே?

உங்கள் மகள் முனீஸ்வரி புகுந்த வீட்டில் நல்லா இருக்கிறாளா? கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
மலையம்மாள்


வாடிப்பட்டி
27.11.2023

மதிப்பிற்குரிய தலைவர் அம்மா அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். வேலைப் பளுவால் போன் எடுக்க முடியவில்லை, மன்னிக்கவும்.

ஒரு கட்டணத்தைப் புதிதாகக் கொண்டுவரும்போது அப்படி ஒரு வரி சேர்ப்பது வழக்கம்தான். இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள். அன்று பேசினோம் என்றுதான் எனக்கு நினைவு. கீழே உங்கள் கையெழுத்தும் நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்தும் இருப்பதால் பிரச்சினை எதுவும் வராது.

முனீஸ்வரி நலம்.

தங்கள் உண்மையுள்ள
செல்வக்குமார்


வேலங்கரை
4.12.2023

அண்ணனுக்கு,

பிரச்சினை வராது என்று எழுதியிருந்தீர்கள். யாருக்கு வராது?

தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அச்சடித்த மாதிரி எழுதுகிற உங்கள் கை, அந்த ஒரு வரியில் மட்டும் நெருக்கிப் பிடித்து எழுதியிருக்கிறது. மையும் வேறு. "கையெழுத்த மொதல்ல வாங்கிட்டு சனங்கள அனுப்பிருவோம், அப்பறம் நிதானமா எழுதிக்கிருவோம்" என்பீர்களே. நாலு வருசமாக அப்படித்தானே நடந்தது. வெற்றுத் தாளில் எல்லாரும் போட்டோம், முதல் ஆளாக நான் போட்டேன்.

தீர்மானத்துக்கு முந்தின நாளே கேட்டேன்: "சம்பந்தி ஆகப்போறவரு. ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமாண்ணே?" "பொது வேற, வீடு வேற தாயி" என்றீர்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் இருந்தேன்.

என் அம்மா வாசிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தாள். பத்தாவது படித்த நான் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

டீக்கடையில் பேசுகிறார்கள்: "காலனிக்காரி நாற்காலியில உக்காந்தா இப்பிடித்தான். கட்டணம் அம்புட்டையும் மன்னிச்சு விட்டுருக்கான்னா எம்புட்டு வாங்குனாளோ!" நான் ஜெயித்து வந்த முதல் நாள் அந்த நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டவர் நீங்கள். வேறு யாரும் செய்யவில்லை. அதை நான் மறக்கவில்லை.

ஜனவரி இருபத்தாறு கிராம சபை. வந்து நீங்களே சனங்களிடம் சொல்லுங்கள். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

மலையம்மாள்


வாடிப்பட்டி
10.1.2024

தங்கச்சிக்கு,

அப்படிக் கூப்பிடும் தகுதி போய்விட்டது. ஆனாலும் வேறெப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஒரு மாதமாக எழுதிக் கிழிக்கிறேன்.

அந்த வரி நான் எழுதியதுதான். முனீஸ்வரி கல்யாணத்துக்குப் பழங்காநத்தத்தில் மண்டபம் பேசி, பத்திரிகையும் அடித்தாயிற்று. ஆகஸ்ட் பதினாறு சாயங்காலம் சம்பந்தி என் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தார். "ஒரு வரிதான மச்சான்" என்றார். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் ரோசப்பட்டு மறுத்திருப்பேன். கையெழுத்துகளுக்கு மேலே இரண்டு விரற்கடை இடம் இருந்தது. அதை நிரப்ப ஒரு நிமிசம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசித்தான் மாறுதல் வாங்கினேன். போனில் உங்கள் பெயர் வரும்போதெல்லாம் அடித்து ஓயும் வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என் வேலை போனால் போகட்டும். முனீஸ்வரி மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். மாமனாரை ஊர் நடுவில் நிறுத்திய அப்பனுடைய மகளாக அவள் அந்த வீட்டில் எப்படி வாழ்வாள்? என்னால் வர முடியாது. இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்ட வேண்டாம். காலில் விழுந்து கேட்கிறேன்.

செல்வக்குமார்


வேலங்கரை
28.1.2024

ஊராட்சிச் செயலாளர் திரு. செல்வக்குமார் அவர்களுக்கு,

கிராம சபை முடிந்தது. நீங்கள் வரவில்லை. வருவீர்கள் என்று கடைசிவரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுதாத தாள்ல கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுது" என்று சொன்னேன். மேலத்தெரு ஆட்கள் சிரித்தார்கள். அது எனக்குப் பழக்கம்தான். சின்னத்தாய் மதினி எழுந்து, "நீயுமா மலையம்மா?" என்று கேட்டாள். உங்கள் கடிதம் என் கைப்பையில் இருந்தது. எடுக்கக் கை போனது. கல்யாணத்தன்று மேடையை விட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாளே முனீஸ்வரி, அந்த முகம் குறுக்கே வந்தது. "ஆமா மதினி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

அறுபத்துநாலு மனைக் கட்டணம் போனது போனதுதான். காலனி ஆட்களே மண்வெட்டி எடுத்து வடிகால் வெட்டுகிறோம். மதினியும் வருகிறாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண் அள்ளுகிறாள்.

இப்போதெல்லாம் தீர்மானத்தை முதலில் எழுதி, சத்தமாக வாசித்து, கடைசி வரிக்குக் கீழே கோடு போட்ட பிறகுதான் கையெழுத்து. அந்தக் கோட்டை நான்தான் போடுகிறேன்.

உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். யாரும் பார்க்கவில்லை. என்றைக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் உங்கள் கையிலேயே இருக்கட்டும். முனீஸ்வரிக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும்.

இனி எனக்கு எழுத வேண்டாம். இதற்குக் கீழேயும் கோடு போட்டுவிட்டேன்.

____________________

மலையம்மாள்
ஊராட்சி மன்றத் தலைவர்