படுக்கையறையில் நான்கு மூட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். உடம்பைத்தான் சொன்னேன், மனசைச் சொல்லவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார், அதனால்தான் கடிதம்.

நீ சொன்னாய் என்றுதான் இந்த வருஷம் காப்பிச் செடியில் சிவந்த பழமாகப் பார்த்துப் பறித்தோம். ஒரே செடிக்கு நாலு தடவை போனதில் என் இடுப்பு இன்னும் நிமிரவில்லை. பரண் கட்டி, வலை விரித்து, தூறல் விழுந்தால் ஓடிப்போய் மூடி, பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துக் காயவைத்ததில் நான்கு மூட்டை தேறியது. போன வாரம் வண்டி பிடித்து, காப்பி வாங்கும் விவசாயிகள் சங்கத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே அவரவர் மாதிரிக் கொட்டையில் போட்ட காப்பியை நீள மேசையில் ஆளுக்கொரு கிண்ணமாக வைத்திருந்தார்கள், ருசி பார்க்கிறவர் ஒவ்வொன்றாகக் கரண்டியில் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, ஒரு குவளையில் துப்பிக்கொண்டே வந்தார். நம்முடையதையும் துப்பினார். அவ்வளவுதான், உன் அப்பாவுக்கு வந்ததே கோபம். ஒரு வருஷத்து உழைப்பைத் துப்புறான், நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா என்று கத்திவிட்டு, மூட்டைகளைத் திரும்ப ஏற்றப் போய்விட்டார். அது அந்த மனிதருடைய வேலை, அத்தனையும் குடித்தால் அவர் தூங்க வேண்டாமா என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை.

இப்போது மூட்டைகள் படுக்கையறையில். கட்டிலுக்குப் போக நான் பக்கவாட்டில் நுழைய வேண்டியிருக்கிறது. விற்கவே போவதில்லையாம், மழை விட்டதும் செடிகளை வெட்ட மரம் அறுக்கிறவரிடம் சொல்லியாகிவிட்டதாம். ஆனால் நான் வெங்காயம் வதக்கக் கூடாது, கொட்டையில் வாசனை ஏறிவிடுமாம்! ஒரு வாரமாகக் கொல்லையில் அடுப்பு மூட்டிச் சமைக்கிறேன். வெட்டப்போகிறவருக்கு வாசனை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? கேட்டால் முறைக்கிறார். நல்லதையெல்லாம் விற்றுவிட்டுக் கழித்த கொட்டையையே ஆயுசு முழுக்கக் குடித்தவர், தன் காப்பி எப்படியிருக்கும் என்று அவருக்கே தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் வெளியே போன பிறகு, நம் மாதிரிப் பையைத் திரும்ப வாங்க நான் அங்கேயே நின்றேன். காப்பி ஆறியதும் அந்த மனிதர் மறுபடி முதலிலிருந்து வந்தார். ஒவ்வொன்றையும் துப்பினார். நம் கிண்ணத்தில் மட்டும் இன்னொரு கரண்டி எடுத்தார், துப்பவில்லை, விழுங்கினார். பிறகு கிண்ணத்தையே கையில் எடுத்து, இது யாருடைய காப்பி என்று கேட்டார். எங்களுடையது என்று முன்னால் போய் நின்றேன். மாதக் கடைசிக்குள் மூட்டை வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். இதைச் சொன்னால், என்னைச் சமாதானப்படுத்தக் கதை கட்டுறியா என்கிறார் உன் அப்பா. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளை நம்பமாட்டார், நீ சொன்னால் நம்புவார்.

குழந்தையைக் குளிரில் வெளியே விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு, மூன்று பேரும் தீர்க்காயுசாக இருங்கள். கடிதம் கிடைத்த அன்றே அப்பாவுக்குப் போன் செய். நான் சொன்னதாகச் சொல்லாதே, சங்கத்தில் விசாரித்ததாகச் சொல். விழுங்கினார் என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்.

கொல்லையில் சமைத்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா