வெள்ளையடித்த முகமும் வானத்துப் படமும்

அக்கா,

பெரியவன் மகள் சுகன்யா வானத்துப் படிப்பில் டாக்டர் பட்டம் வாங்கச் சேர்ந்திருக்கிறாள். சின்னவன் மகன் பாலிடெக்னிக்கில் எல்லாப் பாடமும் பாஸ். அவன் தங்கை பேச்சுப் போட்டியில் மாவட்டத்திலேயே முதலாவது. மகள் வயிற்றுப் பேரன் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டான். என் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டான். இதையெல்லாம் முதலில் உன்னிடம் சொல்லித்தான் பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் நேற்று உன் வீட்டுப் பக்கம் கால் போனது. போயிருக்கவே கூடாது.

உன் மகன் ஏழுமலை ஆட்டுக் கொட்டகைமேல் ஒரு ஃபிளெக்ஸை விரித்து, காற்றில் பறக்காமல் கல் வைத்திருந்தான். வெயிலில் வெந்த பிளாஸ்டிக் நாற்றமும் ஆட்டு மூத்திரமும் சேர்ந்து மூக்கைப் பொத்த வைத்தன. நிமிர்ந்தால், நீ. உன் காரியத்தன்று தெருமுனையில் வைத்த கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். அன்று அழுத கண்ணால் நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. மாவு பூசியதுபோல் வெளுத்த முகம். எவளோ கட்டிய பட்டுப்புடவை, எவளோ போட்ட அட்டிகை, அதற்குமேல் உன் தலை. இடது புருவத்தில் அருவாள் கிழித்த தழும்பைக் காணோம்.

"ஏண்டா, உங்கம்மா மூஞ்சிய இன்னாடா பண்ணி வச்சிருக்கீங்க?"

"கடைக்காரரு நல்லாத்தான பண்ணிக் குடுத்தாரு, சித்தி. செவப்பா, லட்சணமா இருக்குது பாருங்க."

"உங்கம்மா கருப்புடா. அது லட்சணமில்லியா?"

"அட வுடுங்க சித்தி. ஆட்டு மேல மழ ஒழுவாம இருக்குதா, அது போதும்."

கிழித்துப் போடத்தான் கையை நீட்டினேன். ஆடு நனையுமே என்று விட்டுவிட்டேன். அவனை மட்டும் திட்டி என்ன? படத்தைக் கொடுத்தவள் நான்தானே.

நினைவிருக்கிறதா? மலையில் மரவள்ளி பிடுங்கப் போனபோது, வேலை முடிந்து கரியாலூரில் படகு விடும் இடத்தில் நாம் இருவரும் எடுத்துக்கொண்ட போட்டோ. உன் ஆயுசுக்கும் அது ஒன்றுதான். "தழும்பு தெரியாம கொஞ்சம் திரும்புங்கம்மா" என்றார் போட்டோக்காரர். நீ திரும்பவில்லை. "அருவா கிழிச்சது நெசந்தான? இருக்கறது இருக்கறபடி புடிங்க" என்றாய். படகில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

நீ போனதும் ஏழுமலை அந்தப் போட்டோவைக் கேட்டு வந்தான். உயிரோடு இருப்பவள்மேல் சாவு மாலை விழக் கூடாது என்றான். ஊர் வழக்கம்தானே என்று நானும் கத்தரிக்கோலால் நடுவில் வெட்டி, உன் பாதியைக் கொடுத்தேன். அதை அவன் ஃபிளெக்ஸ் கடையிலேயே விட்டுவிட்டானாம். எங்கே போனதென்று தெரியாதாம். என் கையை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இன்று காலை, லீவுக்கு வந்த சுகன்யா போனில் ஒரு படம் காட்டினாள். இருட்டில் சிவப்பாக ஒரு துளி.

"இன்னாடி இது, வெத்தல எச்சி தெறிச்ச மாரி கீது?"

"ஆயா! அது கோடிக்கணக்குல நட்சத்திரம் சேர்ந்த கூட்டம். அதோட வெளிச்சம் கெளம்பி ஆயிரத்து முந்நூறு கோடி வருஷத்துக்கு மேல ஆவுது. இப்பத்தான் நம்மகிட்ட வந்து சேர்ந்திருக்குது. பிரபஞ்சம் பொறந்த புதுசுல அது எப்பிடி இருந்துச்சோ, அப்பிடியே பாக்கறோம்."

வானம் விரிய விரிய அந்த வெளிச்சமும் இழுபட்டு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒளியாகிவிடுமாம். பூமியில் நின்று பார்த்தால் நம் காற்றும் சூடும் அதை மறைத்துவிடுமாம். அதனால் தொலைநோக்கியை நிலாவுக்கும் அப்பால் கொண்டுபோய், வெயில் படாமல் ஐந்து அடுக்குக் குடை பிடித்து, குளிரக் குளிர வைத்திருக்கிறார்களாம்.

நான் விடுவேனா? "கண்ணுக்குத் தெரியாததுக்குச் செவப்பு எங்கேர்ந்துடி வந்துச்சு?"

"அது நாங்க குடுத்த கலரு ஆயா."

"ச்சீ! நீயும் ஃபிளெக்ஸ் கடைதானா?"

நேற்றுக் கண்டதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ஜாஸ்தி நீளமான ஒளிக்குச் செவப்பு, கம்மிக்கு நீலம்னு ஒரு முறை இருக்குது. அதுப்படிதான் குடுப்போம். அங்க இல்லாத நட்சத்திரத்த ஒட்டவும் மாட்டோம், இருக்கறத அழிக்கவும் மாட்டோம். அழிச்சா அப்பறம் அது இன்னா படிப்பு?"

எங்கோ வானத்துக் கோடியில் கிடக்கிற ஒரு துளிக்கு அவ்வளவு மரியாதை. நம் கடைவீதியில் உன் புருவத்துக்கு இல்லை.

"அந்த ஃபிளெக்ஸ்லேர்ந்து அக்கா மூஞ்சியத் திருப்பி எடுத்துக் குடுடி" என்றேன்.

"அழிச்சது போனதுதான் ஆயா. தழும்ப நானா வரைஞ்சா அதுவும் பொய்தான்."

என் பாதி போட்டோ டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. வெட்டும்போது நான் கவனிக்கவில்லை. என் தோள்மேல் உன் நான்கு விரல்கள் அப்படியே நிற்கின்றன, நகக்கண்ணில் மரவள்ளி மண்ணோடு. அவற்றை யாரும் வெளுக்கவில்லை.

இல்லாமல் போனதிலிருந்துகூட வெளிச்சம் வந்துகொண்டிருக்கும் என்கிறாள் சுகன்யா. அப்படியானால் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு, அக்கா. திரும்பாமல் நின்று எடு, தழும்பு தெரியட்டும். விரல்கள் இல்லாவிட்டால் பரவாயில்லை. அவை என்னிடம் இருக்கின்றன.